சிவப்புக் கண்

பாஸ்போர்ட் படம் என்றால் எட்டு காப்பி.
பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு காதும் தெரிய வேண்டும்,
சிரிக்கக் கூடாது.
ஒன்பது மாதக் குழந்தையிடம் இதை யார் சொல்வது?

நூர்நிஷா பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள்.
கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில்
மூன்று நாளாக விடாத மழை.
ஜெராக்ஸுக்கு வந்த இருவர் பெஞ்சில் உட்கார்ந்து
எந்த வயல் எத்தனை அடி முழுகியது என்று
கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
புருனேயில் இருக்கும் மச்சான்
பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்றாள்.
பெயர் சஹ்லா.

சாவிக்கொத்தை ஆட்டினேன், கோழிபோலக் கொக்கரித்தேன்,
என் வயதுக்கு ஆகாத சத்தமெல்லாம் போட்டேன்.
பதினான்கு தடவை ஃபிளாஷ் வெட்டியது.

திரையில் வலது கண் சிவப்பு.
இடது கண் வெள்ளை;
லைட் பட்டால் பூனைக்கு மின்னுமே, அப்படி.
பழகிய கை.
இருபத்திரண்டு வருஷத்தில்
எத்தனை மாப்பிள்ளைகளின் சிவப்பை அழித்திருக்கும்!
இரண்டு கண்ணுக்கும் ஒரே கறுப்பை வைத்தேன்.
நூற்றிருபது ரூபாய்.
“கண்ணு ரெண்டும் அழகா விழுந்திருக்கு” என்று
ஈரம் படாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

சிவப்பு ஏன் வருகிறதென்று எனக்குத் தெரியும்.
தொழில் கற்ற முதல் வாரத்திலேயே தெரியும்.
வெளிச்சம் பாப்பா வழியே உள்ளே போய்
கடைசிச் சுவரில் ரத்தத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.
ராத்திரி படுத்த பிறகுதான் கேட்டுக்கொண்டேன்:
அப்படியென்றால் வெள்ளை?
ரத்தத்தை மறைத்துக்கொண்டு
அங்கே எது நிற்கிறது?

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனேன்.
பதினான்கையும் வரிசையாகத் திறந்தேன்.
ஒன்றில் என்றால் கோணம் என்று விட்டுவிடலாம்.
ஒன்பதில் இருந்தது.

அழிக்காத படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு
பிளாஸ்டிக் கவரில் சுற்றி
பஜ்ர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும்போது
அந்த வீட்டு வாசலில் நின்றேன்.
நூர்நிஷாவின் வாப்பா கதவைத் திறந்தார்.
எனக்கு வைத்தியம் தெரியாது; என்னவென்று சொல்வது?
“நேத்து ஒரு தப்பு செஞ்சுட்டேன்” என்றேன்.

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.
அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்திருந்தேன்.
“சாயங்காலம் லைட் போடுறப்ப
நானும் பாத்திருக்கேன்.
எல்லாரும் பிள்ளைக்குக் கண்ணு வைரமா மின்னுதுன்னாங்க.”
பிறகு யாரையும் பார்க்காமல்,
“எனக்கு அப்பவே பயம்” என்றாள்.

அன்றைக்கே தஞ்சாவூர். அங்கிருந்து மதுரை.
சீட்டில் எழுதியிருந்த பெயர் வாயில் நுழையவில்லை;
கட்டி என்பது மட்டும் புரிந்தது.
கண்ணை எடுத்தால் பிள்ளை மிஞ்சும் என்றார்களாம்.
எடுத்தார்கள்.
ஒரு ராத்திரித் தாமதம் ஒரு பொருட்டில்லை என்று
டாக்டர் சொன்னதாக வாப்பா வந்து சொன்னார்.
அவர் கணக்கு அவருக்கு.

இந்த ஆனியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம்,
சஹ்லா தானே நடந்து வந்து
ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.
இப்போது விசாவுக்கு.
சாவிக்கொத்தை எடுத்தேன்.
“சாவி. பாத்தாச்சு” என்றாள்.

வலது கண் சிவப்பு.
இடது, செய்த கண், நல்ல வேலைப்பாடு;
வெளிச்சத்தை மேலோடு வாங்கிக்கொண்டு
உள்ளே விடவில்லை.

சிவப்புக் கண்ணை ஆபீசில் ஏற்க மாட்டார்கள்.
“வைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான்
எட்டிலும் கறுப்பு வைத்தேன்.
ஒன்பதாவதாக ஒன்றை, காசு இல்லாமல்,
சிவப்போடு அப்படியே போட்டேன்.

நூர்நிஷா அதைத்தான் முதலில் எடுத்துப்
பைக்குள் வைத்தாள்.